அன்னமும் பாத்திரமும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமய நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா நாளில் உச்சிக்காலப் பூசை நிறைவுறுகிறது. அம்பாளுக்கு அன்னம் படைக்கப்பட்டுத் தீபாராதனை காட்டப்படுகிறது. பக்தர்கள் திருநீறும் குங்குமமும் பெற்றுக்கொண்டு அன்னதானக் கூடத்தை நோக்கி நடக்கின்றனர். கைக்குழந்தையோடு வந்த தாயும், கோலூன்றி வந்த முதியவரும், வேலை முடிந்து நேரே வந்த இளைஞரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். காண்பவர் மனம் நிறையும் காட்சி அது.

ஒரு மணி நேரம் கழித்து அதே ஆலயத்தின் பின்வாயிலுக்குச் சென்றால் வேறொரு காட்சி காத்திருக்கிறது. கழுத்து வரை நிரம்பிய கறுப்புப் பிளாஸ்டிக் பைகள் மதிலோரம் குவிந்து கிடக்கின்றன. ஒரு பை கிழிந்து, வெள்ளைப் போலிஸ்டிரின் பெட்டிகள் சாலை வரை சிதறியிருக்கின்றன. பாதி உண்ட சோறும் கறியும் அவற்றில் ஒட்டியிருக்க, காகமும் நாயும் அவற்றை இழுக்கின்றன. முன்வாயிலில் இரு கைகளையும் ஏந்திப் பெறப்பட்ட பிரசாதமே பின்வாயிலில் இவ்வாறு கிடக்கிறது. அன்னத்தைப் போற்றத் தெரிந்த ஒரு சமுதாயம், அதை ஏந்தும் பாத்திரத்தை மறந்ததால் நேர்ந்த நிலை இது. அந்தப் பாத்திரத்தைப் பற்றிச் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பாத்திரத்தின் பெருமை

தமிழ் இலக்கியத்தில் அன்னதானத்திற்கென்றே அமைந்த பெரும் பாத்திரம் அமுதசுரபி. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் அந்த அட்சய பாத்திரம், முதலில் ஆபுத்திரன் கையில் இருந்தது. பசித்தவர் எவரும் இல்லாமற்போன காலத்தில், பயனின்றி அதை வைத்திருக்க மனம் ஒப்பாத அவன், மணிபல்லவத் தீவின் கோமுகிப் பொய்கையில் அதை விட்டான். பல காலம் கழித்து அது மணிமேகலையின் கைக்கு வந்தது. ஆதிரை என்னும் கற்புடைய பெண் அதில் முதற் பிச்சையிட்டாள். யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வருந்திய காயசண்டிகையின் நோய் அவ்வுணவால் தீர்ந்தது.

இக்கதையை அனைவரும் அறிவர். ஆயினும் அதில் உள்ள ஒரு நுட்பத்தை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஆயிரம் பேருக்கு அன்னமிட ஆயிரம் கலங்கள் அங்கு வேண்டியிருக்கவில்லை. ஒரே பாத்திரம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, தலைமுறை கடந்து, மீண்டும் மீண்டும் பயன்பட்டது. பயன்பாடு நின்றபோதும் ஆபுத்திரன் அதைக் குப்பையில் எறியவில்லை. அடுத்து வருபவர் எடுத்துக்கொள்ளும்படி விட்டுச் சென்றான்.

இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்துவருகிறது. பசி என்பது ஒரு நாளோடு முடிவதன்று என்பதை அவ்வடுப்பு உணர்த்துகிறது. அவ்வாறாயின், பசியாற்றும் கருவிகளும் ஒரு நாளோடு முடிந்துவிடாதவையாக இருப்பதன்றோ பொருத்தம்?

இலையும் மங்கும் தூக்கும்

மலாக்காவில் இந்து சமயத்தின் வரலாறு நெடியது. ஜாலான் துக்காங் எமாசில் உள்ள அருள்மிகு பொய்யாத விநாயகர் ஆலயம் 1781இல் மலாக்காச் செட்டி சமூகத்தாரால் எழுப்பப்பட்டது. அச்சமூகத்தார் தமிழ் பேசும் வழக்கத்தை இழந்து மலாய் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பின்னரும், முன்னோருக்குப் படையலிடும் 'பார்ச்சு' வழிபாட்டில் வாழையிலையை விடவில்லை. மொழி மாறியபோதும் இலை மாறவில்லை.

பின்னர் இரப்பர் வந்தது. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டதும், அடுத்து அசகான் பகுதியில் அது விரிவடைந்ததும் நாட்டின் தோட்ட வரலாற்றில் முதல் அத்தியாயங்கள். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கால், புலாவ் செபாங் என்று மாநிலமெங்கும் பால்மரக் காடுகள் எழுந்தன. தமிழர் குடியேறிய லயங்களின் அருகே மாரியம்மனும் முனீசுவரரும் முருகனும் கோயில் கொண்டனர்.

அக்காலத் தோட்டத்துப் பந்தியை நினைவில் வைத்திருப்போர் இன்னும் பலர். கோயில் முன்றிலில் பாய் விரித்து, வாழையிலையில் சோறு பரிமாறப்பட்டது. உண்டபின் மடித்த இலைகள் தோட்டத்து மாடுகளுக்குத் தீனியாயின. தண்ணீரும் தேநீரும் எனாமல் மங்குகளில் வழங்கப்பட்டன. விளிம்பு சிதைந்து கருமை தெரிந்த மங்குகூட எறியப்படாமல் கோயில் அறையிலேயே இருந்தது. பெரிய தவலைகளும் அண்டாக்களும் கோயிலின் சொத்தாக இருந்தன. திருமணம், காதுகுத்து, கருமாதி ஆகிய அனைத்திற்கும் அவை வீடு வீடாகச் சென்று, விளக்கப்பட்டுத் திரும்பின.

ஆடி மாதக் கூழ் வார்ப்பு மேலும் சிறப்பானது. கூழ் வாங்க வருபவர் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. காலையில் பெரட்டுக்குச் செல்லும்போது பழைய சோறு சுமந்த அதே தூக்குச்சட்டி, மாலையில் அம்மன் கூழைச் சுமந்து வீடு சென்றது. பாத்திரம் கொண்டுவருவது பக்தரின் பங்கு, அதை நிரப்புவது கோயிலின் பங்கு என்னும் ஒழுங்கு, எவரும் எழுதி வைக்காமலேயே நடைமுறையில் இருந்தது. மறுபயன்பாடு என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவது, தோட்டத்துப் பாட்டிமார் கையில் பிடித்துவந்த தூக்கேயாகும்.

வெள்ளைப் பெட்டி வந்த வழி

அத்தகைய ஒழுங்கு எவ்வாறு மறைந்தது? சோம்பலே காரணம் என்று பழித்துவிடுவது எளிது, அது நியாயமாகாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்கள் வெவ்வேறு தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்தன. இளைஞர் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். கோயில் அங்கேயே நின்றது. கோயிலைச் சுற்றியிருந்த கைகள் குறைந்தன. இலையுண்ண மாடும் இல்லை. மங்கு விளக்க ஆளும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் வெள்ளைப் பெட்டி நுழைந்தது. அது மலிவு, எடை இல்லை, உண்டபின் கழுவும் வேலையும் இல்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கூடி அமர்ந்து உண்பதற்கு வழியில்லாத அந்நாள்களில், பொட்டலம் கட்டிக் கொடுப்பதே செய்யக்கூடிய ஒரே அன்னதானமாக இருந்தது. அன்று அது தொண்டு. நோய்த்தொற்று தணிந்த பின்னரும் பல இடங்களில் பொட்டலம் நீடிப்பதுதான் சிந்தனைக்குரியது.

ஆக, வெள்ளைப் பெட்டி ஒரு பொருள் மட்டுமன்று. தொண்டு செய்ய வந்த கைகள் விட்டுச் சென்ற இடத்தை நிரப்பிய ஒரு மாற்று. எனவே, பெட்டியை மட்டும் அகற்றினால் போதாது. அந்தக் கைகளை மீண்டும் அழைத்துவர வேண்டும்.

பெட்டி போகும் இடம்

உண்டவர் கையிலிருந்து பெட்டி சில நிமிடங்களில் விலகிவிடுகிறது. உலகத்திலிருந்து அது அவ்வளவு எளிதில் விலகுவதில்லை. போலிஸ்டிரின் மண்ணோடு மக்குவதன்று. அது நொறுங்கிச் சிறு மணிகளாகி, வடிகால் வழியே ஆற்றையும் கடலையும் அடைகிறது. திறந்த வாயோடு புல்லில் கிடக்கும் பெட்டியில் மழைநீர் தேங்கினால், டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கு முட்டையிடுகிறது. குப்பை வண்டி எளிதில் வராத உட்புறத் தோட்டக் கோயில்களில் இப்பெட்டிகளைக் குவித்து எரிப்பதும் உண்டு. அக்கரும்புகை முதலில் சென்றடைவது, அருகில் விளையாடும் பிள்ளைகளின் மூச்சுக்குள்தான். போலிஸ்டிரினின் மூலப்பொருளாகிய ஸ்டைரினை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று பெரிதும் கருதத்தக்க பொருள்களின் வரிசையில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018இல் சேர்த்தது. கொதிக்கும் சாம்பாரையும் எண்ணெய் மிதக்கும் கறியையும் அதில் ஊற்றுவோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

மலாக்கா மாநிலத்தின் குப்பை முன்பு குருபோங்கிற்குச் சென்றது. அது நிறைந்தபின் 2015 முதல் சுங்கை ஊடாங் நிலநிரப்பு மையத்திற்குச் செல்கிறது. திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டு, 2011 செப்டம்பர் 1 முதல் மலாக்கா உள்ளிட்ட மாநிலங்களில் நடப்புக்கு வந்தது. வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடும் விதி 2015இல் வந்தது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. சட்டம் தன் வழியில் வரும். சட்டம் வந்து கட்டாயப்படுத்திய பின்னர் மாறுவதற்கும், அன்னத்தின் மீது கொண்ட மதிப்பால் முன்னரே மாறுவதற்கும் வேறுபாடு உண்டு. ஆலயம் செய்யத்தக்கது பின்னதே.

ஆற்றுக்காலும் அமிர்தசரசும்

பெருந்திரளான மக்களுக்கு அன்னமிடும் இடத்தில் இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடை கூறும் இடம் கேரளத்தில் உள்ளது. திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பகவதி ஆலயத்தின் தல வரலாறு சிலப்பதிகாரக் கண்ணகியோடு தொடர்புடையது. அங்கு ஆண்டுதோறும் மாசி மாத வாக்கில் நடைபெறும் பொங்காலைக்குப் பல இலட்சம் பெண்கள் நகரின் தெருக்களில் அடுப்புக் கூட்டிப் பொங்கலிடுகின்றனர். 2009இல் 25 இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்ற விழா அது. அவர்களுக்கு நீரும் மோரும் உணவும் வழங்கும் பந்தல்கள் நகரெங்கும் எழும். விழா முடிந்ததும் நகரம் காகிதக் குவளைக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கும் அடியில் புதைந்துகிடப்பது வழக்கமாக இருந்தது.

2015இல் கேரளத்தில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது, மாநிலத் துப்புரவு நிறுவனமாகிய சுசித்வ மிஷன், 'பசுமை நெறிமுறை' என்ற பெயரில் எறியும் தட்டுகளை விலக்கி எவர்சில்வர் தட்டுகளையும் குவளைகளையும் நடைமுறைப்படுத்தியது. அதில் பெற்ற துணிவோடு அடுத்துவந்த ஆண்டுகளில் பொங்காலைக்கும் அதே நெறிமுறை வகுக்கப்பட்டது. அன்னதானம் செய்வோர் மாநகராட்சியில் முன்கூட்டியே பதிவு செய்தனர். எவர்சில்வர் தட்டு, குவளைகளைப் பயன்படுத்துமாறு பணிக்கப்பட்டனர். இளைஞர் தொண்டர் படை தெருத்தெருவாக நின்று உதவியது. பக்தர்களும் தத்தம் தட்டையும் குவளையையும் கொண்டுவரும்படி வேண்டிக்கொள்ளப்பட்டனர். குப்பையின் அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. அடுப்பு மூட்டிய கல்லுக்கும் மறுவாழ்வு கிடைத்தது; விழா முடிந்தபின் செங்கற்களைத் திரட்டி ஏழைகளின் வீடுகட்டும் பணிக்குக் கொடுக்கும் வழக்கமும் அங்கு ஏற்பட்டது.

அமிர்தசரசின் பொற்கோயிலைச் சென்று கண்டவர்கள் அதன் லங்கர் உணவுக்கூடத்தை மறக்க முடியாது. சாதாரண நாளிலேயே அரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்கு உண்கின்றனர். ஒவ்வொருவர் கையிலும் எவர்சில்வர் தட்டு. தட்டுகள் மோதும் ஓசை அக்கூடத்தில் இரவும் பகலும் ஓய்வதில்லை. நீண்ட தொட்டிகளின் இருபுறமும் நின்று அவற்றைக் கழுவுவோர் சம்பளத்திற்கு வந்தவர்கள் அல்லர், வழிபட வந்தவர்கள். மருத்துவரும் வணிகரும் உழவரும் தோளோடு தோள் உரசி நின்று, முன்பின் அறியாதவர் உண்ட தட்டைக் கழுவுகின்றனர். அதுவே அவர்களுக்குச் சேவை, அதுவே வழிபாடு. மலாக்கா நகரின் ஜாலான் தெமெங்கோங் குருத்துவாராவிலும், ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் சந்த் பாபா சோகன் சிங் நினைவாக ஆயிரக்கணக்கானோர் கூடும் நாளில் லங்கர் நடைபெறுகிறது. கற்றுக்கொள்ள விரும்புவோர் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை.

கழுவுவது யார்?

இனி, எந்த ஆலயக் கூட்டத்திலும் முதலில் எழும் கேள்விக்கு வருவோம். தட்டு வாங்கலாம், கழுவுவது யார்?

இக்கேள்விக்கு நேர்மையாக விடை காணாமல் தட்டு வாங்குவது வீண். பழைய தோட்டத்து ஒழுங்கைப் புகழும்போது, அந்த மங்குகளை விளக்கியவர் யார் என்பதையும் நினைக்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து, சமைத்து, பால் வெட்டி, பால் சுமந்து, மாலையில் வீடு திரும்பிய தாய்மார்களே திருவிழா இரவிலும் சாம்பலும் தேங்காய் நாருமாகப் பாத்திரங்களோடு அமர்ந்தனர். மேடையில் மாலையும் பொன்னாடையும் பெற்றவர்கள் வேறு. கிணற்றடியில் முதுகு வளைந்தவர்கள் வேறு. அவர்களுக்கு எவரும் பொன்னாடை போர்த்தியதில்லை. வெள்ளைப் பெட்டி வந்தபோது அதை முதலில் வரவேற்றவர்கள் அவர்களாக இருந்தால், அதில் வியப்பு ஏதுமில்லை. அவர்கள் முதுகிலேயே மீண்டும் அச்சுமையை ஏற்றிவிட்டு, ஆலயம் பசுமையாகிவிட்டது என்று பெருமை கொள்வது அறமாகாது.

தருமர் நடத்திய இராசசூய வேள்வியில் கண்ணபிரான் தமக்கென எடுத்துக்கொண்ட பணி, உண்டவர்களின் எச்சில் இலையை எடுப்பது என்று வழிவழியாகக் கதை சொல்வர். முதல் மரியாதைக்குரியவர் கடைசிப் பணியை ஏற்றார். அப்பர் பெருமான் கையில் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தைச் செதுக்கினார். இக்கதைகளை ஆண்டுதோறும் சொற்பொழிவில் கேட்கும் சமுதாயம், அவற்றைச் செயலில் காட்ட ஓர் இடம் உண்டெனில், அது பாத்திரம் கழுவும் தொட்டியே.

ஆகவே, முறை வகுக்கும்போது முதற் பெயர் நிர்வாகக் குழுவினருடையதாக இருக்கட்டும். அன்றைய உபயக் குடும்பம் பணம் கட்டுவதோடு நில்லாமல், நான்கு பேரைத் தொட்டியடிக்கு அனுப்பட்டும். அந்நால்வரில் இருவரேனும் ஆண்களாக இருக்கட்டும். தந்தை கழுவுவதைக் கண்ட மகன், அதை இழிவான வேலை என்று எண்ணமாட்டான்.

எச்சில் என்னும் தடை

வாய்விட்டுச் சொல்லப்படாத தடை ஒன்றும் உண்டு. பிறர் உண்ட தட்டில் உண்பதா என்னும் அருவருப்பே அது. அதில் ஒரு பகுதி சுகாதாரம் பற்றிய அச்சம். அதற்கு வெந்நீர் மருந்தாகும். மற்றொரு பகுதி பழைய சாதி உணர்வின் எச்சம். அதற்கு வெந்நீர் போதாது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் சிலருக்குத் தனிக்குவளை வைத்த கொடுமை வரலாற்றில் பதிவாகியுள்ளது. கப்பலேறி வந்த தோட்டங்களிலும் லயம் பிரித்து, பந்தி பிரித்து வைத்த காலம் இருந்தது. 1929இல் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்ததும், அடுத்துப் பரவிய சீர்திருத்த இயக்கங்களும் அவ்வேற்றுமைகளைக் கேள்விக்குள்ளாக்கின. சமபந்தி போசனம் என்பது அக்காலத்தில் ஒரு போராட்டம். ஒரே கூரையின்கீழ் அமர்ந்து உண்பது அதன் முதற்படி. இன்னார் உண்டது, இன்னார் கழுவியது என்று கேளாமல், ஒரே அடுக்கிலிருந்து எடுத்த தட்டில் அனைவரும் உண்பது அதன் அடுத்த படி. எறியும் பெட்டி அக்கேள்வியை எழாமலேயே மறைத்துவிட்டது. தட்டு அதை எழுப்பித் தீர்த்துவைக்கும்.

தண்ணீர், சுகாதாரம், செலவு

1991இல் டுரியான் துங்கால் அணை வறண்டு, மலாக்கா மக்கள் வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்துநின்றதை மறக்காத முதியோர், கழுவும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவது முறையே. ஓடும் குழாயில் ஒவ்வொரு தட்டாகக் கழுவினால் நீர் வீணாகும். அதற்குப் பதில் தொட்டி முறையைக் கையாளலாம். முதலில் எஞ்சிய உணவை ஒரு வாளியில் வழித்துவிட வேண்டும், அது உரமாகும். முதல் தொட்டியில் சவர்க்கார நீர். இரண்டாம் தொட்டியில் நல்ல நீர். மூன்றாவதில் கைபொறுக்காத வெந்நீர். 77 பாகை செல்சியசுக்குக் குறையாத நீரில் அரை நிமிடம் அமிழ்த்தினால் கிருமி அழியும். கை சுடாதிருக்கக் கம்பிக்கூடையில் தட்டுகளை அடுக்கி இறக்க வேண்டும். பின் துணியால் துடைக்காமல் தாங்கியில் நிறுத்திக் காயவிட வேண்டும். ஈரத் துணியே கிருமியைத் தட்டுக்குத் தட்டு பரப்புவது. மழைநீரைத் தொட்டியில் சேமித்து, தரை கழுவவும் அண்டாவை முதலில் அலசவும் பயன்படுத்தலாம். சமைப்போரும் பரிமாறுவோரும் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருப்பது நலம்.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வெள்ளிக்கிழமைதோறும் 250 பேருக்கு அன்னமிடும் ஓர் ஆலயத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பெட்டி, குவளை, கரண்டி மூன்றும் சேர்ந்து ஒருவருக்கு 40 சென் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 13,000 பேருக்கு 5,200 ரிங்கிட் ஆகும். தட்டும் குவளையும் சேர்ந்து 12 ரிங்கிட் என்று கொண்டு 300 இணைகள் வாங்கினால் 3,600 ரிங்கிட். சவர்க்காரம், எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றிற்கு வாரம் 40 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 2,080 ரிங்கிட். முதலாண்டில் 480 ரிங்கிட் கூடுதலாகவே செலவாகும். அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டு முதல் 3,120 ரிங்கிட் மிஞ்சும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் புத்தகங்களுக்கோ சமய வகுப்புக்கோ அத்தொகை உதவும். விலைகள் இடத்திற்கு இடம் மாறலாம். ஒவ்வோர் ஆலயமும் தன் கணக்கேட்டை வைத்து இக்கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பது நல்லது.

செய்யத்தக்கவை

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எவர்சில்வர் தட்டு ஒன்றை உருக்கிச் செய்ய ஆகும் ஆற்றல், ஓர் எறியும் பெட்டிக்கு ஆவதைவிட மிகப் பெரிது. பல பத்து முறை, சில கணக்குகளின்படி நூறு முறைக்கும் மேல், பயன்படுத்திய பின்னரே அது இயற்கைக்கு ஆதாயமாகும். ஆண்டுக்கு ஒரு திருவிழா மட்டும் நடத்தும் சிறு தோட்டக் கோயில், 500 தட்டு வாங்கி அறையில் பூட்டிவைத்தால் அது பசுமையாகாது. பெருமையாக மட்டுமே இருக்கும்.

அதற்கு வழி, பழைய அண்டாவின் வழியே. மலாக்கா தெங்ஙா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களிலும், மாவட்டத்திற்கு ஒரு பெரிய ஆலயம் பொதுத் தட்டுச் சேமிப்பை வைத்திருக்கலாம். ஒரு கோயிலில் சித்திரையிலும், மற்றொன்றில் ஆடியிலும், வேறொன்றில் பங்குனியிலும் திருவிழா வருகிறது. ஒரே தட்டுகள் ஆண்டு முழுவதும் கோயில் கோயிலாகச் சென்று வரலாம். திருமணத்திற்கும் நினைவுநாளுக்கும் சிறு கட்டணத்தில் கொடுக்கலாம். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க ஒரு பதிவேடு இருந்தால், காணாமற்போகும் தட்டும் குறையும். தட்டின் அடியில் ஆலயப் பெயரைப் பொறித்துவிட்டால், வழிதவறிய தட்டும் வீடு திரும்பும்.

அமர்ந்து உண்ணும் பந்திக்கு வாழையிலை கிடைக்கும் இடத்தில் இலையே சிறந்தது. ஆனால் இலையைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக் குப்பை வண்டிக்கு அனுப்பக்கூடாது. கோயில் தோட்டத்தில் குழி வெட்டி உரமாக்க வேண்டும். வீட்டில் நோயுற்றிருப்போருக்கு அன்னம் கொண்டுசெல்ல விரும்புவோர் தூக்குச்சட்டி கொண்டுவரட்டும். அதை அறிவிப்புப் பலகையிலும் உபய அழைப்பிதழிலும் அச்சிடலாம். தூக்கு கொண்டுவராத முதியவரைத் திருப்பி அனுப்பிவிடக்கூடாது. அவருக்கென மூடியுள்ள சில பாத்திரங்களை ஆலயமே வைத்திருந்து, அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பசித்தவருக்கு அன்னம் மறுப்பது எந்தச் சீர்திருத்தத்திற்கும் விலையாகாது.

மாசி மகத்தன்று பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து புறப்படும் இரதம், செங் சன்னாசிமலை ஆலயத்திற்குச் செல்லும்போது, வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் அமைப்பதும் பக்தர்கள் திரளாக நடப்பதும் மலாக்காவின் பெருமை. அவ்வளவு பெரிய விழாவில் ஒரே ஆண்டில் அனைத்தையும் மாற்றிவிட முடியாது. ஒரு பந்தல் குவளையைக் கழுவிக் கொடுக்கத் தொடங்கினால், மறு ஆண்டு பக்கத்துப் பந்தலும் தொடங்கும். நடந்து வரும் பக்தர் இடுப்பில் ஒரு குவளையைக் கட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பெரிய மாற்றத்தைப் பெரிய விழாவில் தொடங்குவதைவிட, சிறிய வெள்ளிக்கிழமையில் தொடங்குவதே விவேகம்.

நிறைவாக

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று முதியோர் மொழிந்தனர். பாத்திரம் என்பதற்குத் தகுதியுடையவர் என்பது அங்குப் பொருள். பசித்து வந்தவர் எவராயினும் அவர் தகுதியுடையவரே என்பதை அன்னதானம் செய்யும் ஆலயங்கள் நெடுங்காலமாக ஏற்று நடந்துவருகின்றன. இனி அச்சொல்லின் மற்றப் பொருளையும் கருத வேண்டிய காலம் வந்துள்ளது. எதில் இடுகிறோம், இட்டபின் அது எங்கே போகிறது, அதைக் கழுவும் கை யாருடையது என்னும் மூன்றையும் அறிந்து இடுவதே நிறைவான தானமாகும்.

அடுத்த திருவிழாவில் பின்வாயிலுக்குச் செல்பவர் அங்குக் கறுப்புப் பைகளைக் காணாதிருக்கட்டும். நீண்ட தொட்டியின் இருபுறமும் தலைவரும் தொண்டரும், தந்தையும் மகளும், சட்டைக் கையை மடித்துவிட்டு நின்று பேசிச் சிரித்துத் தட்டுக் கழுவுவதைக் காணட்டும். பல ஆண்டுகளாகக் கிணற்றடியில் குனிந்திருந்த மூதாட்டி ஒருவர், அன்று முதன்முறையாகப் பந்தியில் நிமிர்ந்தமர்ந்து, மற்றவர் கழுவித் தந்த தட்டில் அம்பாளின் அன்னத்தை உண்ணட்டும். அவர் முகம் மலர்வதைக் காட்டிலும் சிறந்த தீபாராதனை இல்லை.

அனைவருக்கும் அன்னை பராசக்தியின் திருவருள் துணைநிற்பதாகுக.